பதினான்கு நாள் தாங்கும் தண்ணீர்

முதலில் எடையைக் கணக்கிட்டேன்.
நூறு லிட்டர் தண்ணீர், கண்ணாடி, மண், கல்,
எல்லாம் சேர்ந்து நூற்று நாற்பது கிலோ.
ஸ்டவாங்கரின் பழைய மரத்தரைகள்
இரண்டு தடித்த ஆட்கள் ஒரே இடத்தில்
வருடக்கணக்கில் நிற்பதை விரும்பாது.
சுமைதாங்கும் சுவர் எதுவென்று
விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
மறுபக்கத்திலிருந்து தூர்லெய்ஃப்
திருப்பித் தட்டினார்.

இரண்டு வாரம் எண்ணெய் மேடை, நான்கு வாரம் கரை.
பம்புகளின் இரைச்சலில் எது பிசகு என்று
காது கொடுத்துச் சொல்வதற்குச் சம்பளம்.
கடைக்காரியிடம் கேட்டேன்:
பதினான்கு நாள் என் நினைப்பே இல்லாமல்
இருக்கத் தெரிந்த செடி உண்டா?
அவள் சிரிக்கவில்லை.
அனூபியாஸ், ஜாவா பெரணி, கிரிப்டோகொரைன்,
ஒரு பிடி பாசி.
"விளக்கு ஏழு மணி நேரம். அதற்கு மேல் ஆசைப்படாதே.
ஆசைப்பட்டால் காசு கொடுக்காத பாசியும் வரும்."

ஹெலிகாப்டருக்குக் காத்திருந்த அறையில்
பழுதுச் சீட்டின் பின்பக்கம் வரைபடம் போட்டேன்.
வேர்க்கட்டை நடுவில் வேண்டாம், சற்று இடப்பக்கம்;
பின்னால் உயரம், முன்னால் வெறும் மணல்.
வரைபடத்தில் எல்லாம் மூழ்கியிருந்தது.
வீட்டில் கட்டை மிதந்தது.
துணி ஊறவைக்கும் தொட்டியில்
கல்லை ஏற்றி அழுத்தி வைத்தேன்.
மூன்றாவது வாரம் தேநீர் நிறத்தில்
தன் பிடிவாதத்தை விட்டது.

தண்டை மண்ணில் புதைக்கக்கூடாது, அழுகிவிடும்.
கட்டையோடு கட்டிவிட்டால் போதும்,
பற்றிக்கொள்ளும் வேலை அதனுடையது.
கறுப்பு நூல் ஐலர்ட்டின் தையல் பெட்டியில் இருந்தது.
பெட்டியை அவன் விட்டுப் போயிருந்தான்.
போகும்போது சொன்னான்:
"உன்னோடு வாழ்வதில் ஒரு சிரமமும் இல்லை, ரன்வெய்க்.
நீதான் இருப்பதே இல்லையே."
பல்லால் நூலைக் கடித்து அறுத்தேன்.

மணல்மேல் ஒரு சூப்புத் தட்டு,
தட்டின்மேல் தண்ணீர், குவளை குவளையாக.
ஒரு மாலை முழுக்க.

தூர்லெய்ஃப் வந்து குனிந்து பார்த்தார்.
"மீன் எங்கே?"
"இன்னும் இல்லை."
"பிறகு இது என்ன?"
கண்ணுக்குத் தெரியாதவை முதலில் குடியேற வேண்டும்,
ஐந்தாறு வாரம் ஆகும் என்றேன்.
சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டினேன்,
பச்சை.
இது மஞ்சளாகும்வரை யாரும் வரமாட்டார்கள்.
வாடகைக்கு விடும் வீட்டைப் பார்ப்பதுபோல்
ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு
சாவியை வாங்கிக்கொண்டார்.
எதையும் தொடவேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

மேடையில் என் கட்டிலுக்குக் கீழே
நூற்றுச் சொச்சம் மீட்டர் தண்ணீர்.
அதில் நான் நட்டது ஒன்றுமில்லை.
மாலை நான்கு மணிக்கு வால்வுகளுக்கு நடுவே நினைப்பேன்:
இப்போது டைமர் சொடுக்கியிருக்கும்,
யாருமில்லாத அறையில்
ஒரு சிறு பகல் தொடங்கியிருக்கும்.

ஒன்பதாம் நாள் புகைப்படம் வந்தது.
கிரிப்டோகொரைன் இலைகள் கரைந்து,
கண்ணாடியில் பழுப்புத் தூசு.
"கீரை சூப்பு மாதிரி ஆகிவிட்டது. ஏதாவது செய்யவா?"

எங்கே ஒரு சத்தம் மாறினாலும்
ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடியே பழகியவள் நான்.
"ஒன்றும் செய்யாதீர்கள்" என்று
இரண்டே வார்த்தை எழுதி அனுப்ப
ஒரு ஷிஃப்ட் முழுவதும் ஆனது.

திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமலே
முழங்காலில் அமர்ந்தேன்.
இலைகள் இல்லை.
இருந்த இடத்தில் குண்டூசித் தலையளவில் ஒரு சுருள்,
அதன் பக்கத்தில் இன்னொன்று.
செடியோடு ஒளிந்து வந்த நத்தை ஒன்று
பழுப்புத் தூசில் பாதை போட்டுக்கொண்டிருந்தது,
தன் அகலத்துக்கு மட்டும்.

எழுந்தபோது முட்டியில் இடித்தது.
தொட்டிக்கு எதிரே ஒரு சமையலறை நாற்காலி,
என்னுடையது இல்லை.
இருக்கையில் மடித்த செய்தித்தாள், கண்ணாடிக் கூடு,
தரையில் காபி வட்டங்கள்,
எண்ணினால் ஐந்து.

பாதித் தண்ணீரை மாற்றினேன்.
மீன்களை அடுத்த மாதம் பார்க்கலாம்.
நாற்காலியை அவர் கேட்கவில்லை.
நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.